ஓர்ஃபாவுக்கு ஒரு பிரசங்கம்

எங்கள் மலைப்பக்கத்தில் ஒருவரை ஒருநாள் அடக்கம் செய்வோம். அவருக்கான பிரசங்கத்தை இன்னொரு நாள் வைப்போம். நடுவில் ஆறு மாதமும் போகலாம், இரண்டு வருஷமும் போகலாம். போதகர் மாதம் ஒருமுறை குதிரையில் வருகிறவர். குளிர்காலத்தில் ஆறு பெருகிவிட்டால் அதுவும் இல்லை. உடல் காத்திருக்காது, பிரசங்கம் காத்திருக்கும். அதனால் பக்கத்து வீட்டார் பெட்டி அடித்து, குழி வெட்டி, தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடி மண்ணைத் தள்ளிவிடுவார்கள். பிறகு ஆகஸ்டில், சோளக்காட்டு வேலை முடிந்து கை ஓய்ந்திருக்கும்போது, ஊரைக் கூட்டி இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். அதற்குள் சில ஆண்கள் மறுகல்யாணமே செய்திருப்பார்கள். முதல் மனைவிக்கான பிரசங்கத்தில் இரண்டாம் மனைவி முன்பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே அழுததை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகவே அழுதாள்.

பிரசங்கம் முடிகிறவரை வீட்டுப் பெண்கள் கறுப்பு உடுத்துவோம். முடிந்த அன்றே கழற்றிவிடுவோம். என் அம்மா ஒருமுறை கறுப்பு உடுத்தினாள், பிறகு அவள் அதைக் கழற்றவே இல்லை. டாக்கரி போதகர் குடும்பத்துக் கதை என்று ஊரில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் மூத்தவளாகப் பிறந்து, எல்லாவற்றையும் காதால் கேட்டவள் நான். பெயர் மஹாலா. எனக்கு வாய் நீளம் என்பார்கள், இருக்கட்டும்.

அம்மாவின் பெயர் அர்மிண்டா. மாவு ஆலைக்காரர் மகள். சொந்த வீடு, சொந்த நாற்காலி, சொந்தப் பசு என்று வளர்ந்தவள். உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருஷம், ஜார்ஜியாவில் பாதிப் பேர் வீட்டில் உப்புகூட இல்லாதபோது, எலிஷா டாக்கரி என்ற இளம் போதகரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்கு ஒரு குதிரை, ஒரு சேணப்பை, நல்ல குரல், அவ்வளவுதான் சொத்து. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் போதகர்களின் மகாசபை கூடும். முடிவில் பிஷப் எழுந்து யார் எந்தச் சுற்றுக்கு, அதாவது எந்தெந்த ஊர் ஆலயங்களுக்கு, என்று பெயர் வாசிப்பார். வாசித்தால் வாசித்ததுதான், மறுபேச்சு கிடையாது. அப்பா வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் அம்மா பாத்திரங்களை வைக்கோலில் சுற்ற ஆரம்பித்திருப்பாள். போகிற இடத்தில் சபையார் ஆளுக்கு ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு காபிக்கொட்டை, ஒரு பவுண்டு பன்றிக்கொழுப்பு என்று கொண்டுவந்து மேஜையில் குவிப்பார்கள். கையோடு மேஜையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டும் போவார்கள். மேஜை சபையுடையது. கட்டிலும் சபையுடையதுதான். அம்மா தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எங்களைத்தான் பெற்றாள்.

அப்பா நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் அவர் நல்லவராகத் தெரியமாட்டார். அவருக்குக் கோபம் வராது, குடிக்கமாட்டார், யார் கூப்பிட்டாலும் போவார். அதுதான் தொல்லை. யார் கூப்பிட்டாலும் போவார். அவர் இறுதிப் பிரசங்கம் செய்தால் கல்லும் அழும் என்று பெயர் வாங்கியிருந்தார். அவர் தேதி கொடுக்கும்வரை செத்தவர்களின் குடும்பம் மற்ற போதகர்களைத் தேடாமல் காத்திருக்கும். கறுப்பு மக்கள் விஷயத்தில் மட்டும் அவருக்கும் ஊரின் எண்ணம்தான். போர் முடிந்ததும் கறுப்பு மக்கள் ஆலயத்தின் பின்வரிசையை விட்டு எழுந்துபோய், ஓடைக்கு அக்கரையில் தங்களுக்கென்று ஓர் ஆலயம் கட்டிக்கொண்டார்கள். அதை நன்றிகெட்ட வேலை என்றார் அப்பா. என்னை அங்கே உட்கார வைத்திருந்தால் நான் எப்போதோ போயிருப்பேன் என்று அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். அப்பா வேதாகமத்தைத் திறந்துகொண்டார்.

ஓர்ஃபா எனக்கு மூன்று வயது இளையவள். கறுத்த நேர்முடி, முன்பல்லில் ஓர் இடைவெளி, பொல்லாத கோபம். பிடிக்காதவர்களைக் கடித்துவிடுவாள். வீட்டுக்கு வந்த மூத்த போதகர் ஒருவரையே கடித்திருக்கிறாள். ஆனால் அப்பா என்றால் உயிர். அப்பா கிளம்புகிற ஒவ்வொரு முறையும் முற்றத்து வால்நட் மரத்தடியில் பொறுக்கியதை, பச்சைத்தோல் உரித்துக் கை கறுத்துப்போய், அவருடைய சேணப்பையில் போட்டுவைப்பாள். வழியில் பசிக்குமாம். எங்கள் மலை வால்நட்டை உடைக்கச் சுத்தியல் வேண்டும். குதிரை மேல் உட்கார்ந்து யார் உடைப்பது? ஆனாலும் அவர் திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, தின்றீர்களா என்று கேட்பாள். தின்றேன், நல்ல ருசி என்பார் அப்பா. அவள் பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். காலியாகத்தான் இருக்கும். அந்தச் சந்தோஷம் அவளுக்கு ஒரு வாரம் தாங்கும்.

சோரல் ஓடைச் சுற்றில் நாங்கள் இருந்தபோது, பிப்ரவரியில், தொண்டை அடைப்பான் வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் லேசாக. ஓர்ஃபாவால் மூச்சே விட முடியவில்லை. அப்பா ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்தார். ஆறு கரையை மீறி ஓடியது. ஆள் அனுப்பினார்கள், ஆள் இக்கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். நானும் அவளும் ஒரே கட்டிலில் கிடந்தோம். அதனால் எனக்குத் தெரியும், அவள் கடைசியாகப் பேசியது எனக்குத் தெரியும்.

"அப்பா குதிரை வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறது என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "வால்நட் தின்னாரான்னு பையைப் பாரும்மா," என்றாள். பார்க்கிறேன் கண்ணு என்றாள் அம்மா. அவ்வளவுதான். அதன்பிறகு பேசவில்லை. விடிந்து வெயில் வந்த பிறகு போய்விட்டாள்.

பக்கத்து வீட்டார் சோரல் ஓடை ஆலயத்தின் பின்னால் அவளைப் புதைத்தார்கள். தண்ணீர் வடிந்து அப்பா வந்து சேர்வதற்கு முன்னால் அம்மா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "அவ என்ன கேட்டான்னு அப்பாகிட்ட சொல்லாத. அந்த மனுஷன் தாங்கமாட்டாரு," என்றாள். நான் சரி என்றேன். அந்தப் பிஞ்சு வயதில் சரி என்று சொன்னதை நான் அம்மா இருந்தவரை காப்பாற்றினேன். அப்பா வந்து கல்லறையில் விழுந்து அழுததைப் பற்றி எழுதமாட்டேன்.

போதகர் தன் சொந்தப் பிள்ளைக்குத் தானே பிரசங்கம் செய்வது எங்களில் வழக்கமில்லை. இன்னொரு போதகரைக் கூப்பிடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் மனைவி புருஷனை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். பிறர் முன்னால் பெயர் சொல்வது மரியாதை இல்லை.

"மிஸ்டர் டாக்கரி, வேற யாருக்கு அவளைத் தெரியும்?" என்று கேட்டாள். "வர்றவரு வானம் பூமின்னு எதையாவது பேசிட்டுக் கோழிக்கறி தின்னுட்டுப் போயிடுவாரு. நீங்க பேசுங்க. பெருசா ஒண்ணும் வேணாம். பையில வால்நட் போட்டாளே, அதைச் சொல்லுங்க. அது போதும்."

அப்பா முகம் வெளுத்துப்போனது. துக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பார்க்கலாம் என்றார். அந்த ஆகஸ்டில் மற்றவர்களின் பிரசங்கங்களுக்கே ஞாயிறுகள் போதவில்லை என்றார். அடுத்த ஆகஸ்டில் அம்மா விடவில்லை. தேதி குறித்து, சுற்றில் இருந்த எல்லா ஆலயத்திலும் அறிவிப்புக் கொடுக்க வைத்தாள். அவுரிச்சாயம் தோய்த்த துணியெடுத்து ஒரு நீல உடையும் தைத்தாள். கழுத்தில் வெள்ளைப் பட்டை வைத்தது. பிரசங்கம் முடிந்ததும் ஆலயத்துக்குள்ளேயே மாற்றிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் நீலத்தில் வந்து நிற்பது என்பது அவள் எண்ணம். அந்த உடையை மடித்து வண்டியில் வைத்தபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. பிள்ளையை ஒழுங்காக அனுப்பிவைக்கப்போகிறோம் என்ற நிம்மதி.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். வண்டிகளை ஓடைவரைக்கும் நிறுத்தியிருந்தார்கள். மரத்தடியில் பலகை போட்டு, பொரித்த கோழியும் சோள ரொட்டியும் பீச் ஊறுகாயும் துணி மூடிக் காத்திருந்தன. அம்மா முன்பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். அப்பா பீடத்தில் ஏறினார். ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் வசனத்தை விளக்கினார். பிறகு பிள்ளையைப் பற்றிப் பேச வந்தார். வாய் திறந்து மூடினார். தண்ணீர் குடித்தார். அதற்குப்பின் அவருடைய அந்தப் பெயர்போன குரல் எழும்பியது. நீலக் கண்கள் என்றார். பொன்னிறச் சுருள் முடி என்றார். சாந்தமான ஆட்டுக்குட்டி, யாரையும் நோகப் பேசாத குழந்தை என்றார். கடைசி மூச்சில் கையை உயர்த்தி, அம்மா, தேவதூதர்கள் வருகிறார்கள், கதவைத் திற என்று சொன்னாள் என்றார். ஆண்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். ஆலயமே விம்மியது.

அம்மாவின் கை என் கையில் இருந்தது. அது குளிர்ந்துபோனதை நான் உணர்ந்தேன். இரண்டு ஞாயிறுக்கு முன்பு இதே பீடத்தில், இதே வார்த்தைகளை, ஹெஸ்டர் வீட்டுப் பெண்குழந்தைக்காக அப்பா சொன்னதை அவளும் கேட்டிருந்தாள், நானும் கேட்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே பொன்முடிதான்.

அம்மா எழுந்தாள். எங்கள் ஆலயத்தில் பெண்கள் ஆவி நிறைந்து கூவுவது உண்டு. அதனால் முதலில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவள் கூவவில்லை. சாதாரணமாக, முற்றத்தில் நின்று பேசுவது மாதிரிப் பேசினாள்.

"அது நம்ம பிள்ளை இல்ல, எலிஷா. அது ஹெஸ்டர் வீட்டுப் பொண்ணு."

ஊரார் முன்னால் அவள் அவரைப் பெயர் சொன்னது அந்த ஒரே தடவைதான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவழியே நடந்து வெளியே வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள், நீல உடை இருந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். கோழியை யாரும் தொடவில்லை என்று பிறகு சொன்னார்கள். அதை நான் நம்பவில்லை, எங்கள் ஊரை எனக்குத் தெரியும்.

அதற்குப்பின் எங்கள் வீட்டில் சண்டை வந்தது என்று நினைக்கவேண்டாம். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டதைச் சமைத்தாள், சட்டைக்குக் கஞ்சி போட்டாள், பிஷப் சொன்ன ஊருக்கெல்லாம் மூட்டை கட்டினாள். லெமுவேல் என்று ஒரு தம்பியையும் பெற்றாள். அவன் வளர்ந்து டெக்ஸஸ் போய்விட்டான். ஆனால் கறுப்பைக் கழற்றவில்லை. ஒன்று நைந்தால் அதே அளவில் இன்னொன்று தைத்தாள். சபைப் பெண்கள் ஜாடையாகப் பேசினார்கள், பிறகு நேரடியாகவே கேட்டார்கள். பிரசங்கம்தான் ஆகிவிட்டதே என்றார்கள். "எங்க பிள்ளைக்கு இன்னும் ஆகல," என்பாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் வந்தால் அப்பா அவள் எதிரில் வந்து நிற்பார். மறுபடி பிரசங்கம் வைக்கட்டுமா என்பார். என்ன சொல்லப்போகிறீர்கள் என்பாள் அம்மா. நீ சொல், அவள் கடைசியில் என்ன சொன்னாள் என்று நீ சொல், அதைச் சொல்கிறேன் என்பார் அவர். "அதான் தேவதூதரு வந்தாங்கன்னு சொல்லிட்டீங்களே," என்பாள். அவர் போய்விடுவார். ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி, இதே பதில். இதைக் கல்நெஞ்சம் என்று நான் நினைத்த காலம் உண்டு. பிறகு, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு, வேறு மாதிரி நினைத்தேன். அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை அவள் சொல்லியிருந்தால் அவர் அந்த இடத்திலேயே உடைந்துபோயிருப்பார். ஆகவே அவருக்குக் கோபத்தைக் கொடுத்தாள். கோபத்தை ஒரு மனுஷன் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தாங்குவான்.

அப்பாவும் மாறித்தான் போனார். அதன்பிறகு குழந்தைகளுக்கான பிரசங்கம் என்றால் முதல் நாளே போய் அந்தத் தாயின் அடுப்படியில் உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன பிடிக்கும், யாரைக் கண்டால் பயம் என்று கேட்டுக்கொள்வார். பேர் போய்விட்டது, டாக்கரி பிரசங்கத்தில் முன்போல அழுகை வருவதில்லை என்றார்கள். வயதாகி, மகாசபை அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகு இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

அம்மா ஒரு ஜனவரியில் படுத்தாள். நெஞ்சில் சளி. இனி எழமாட்டாள் என்று அவளுக்கே தெரிந்தது. சோரல் ஓடையில் ஓர்ஃபா பக்கத்தில் புதைக்கச் சொன்னாள். பெட்டியில் மடித்துக் கிடந்த நீல உடையை எடுத்துவந்து, இதை உடுத்திவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நான் போனப்புறம் அவரு உன்கிட்ட கேட்பாரு. சொல்லிடு."

"இத்தனை வருஷம் சொல்லக்கூடாதுன்னியே?"

"அவரு அழறதை என்னால பார்க்க முடியாதுடி. நான் பார்க்காதப்போ அழட்டும்."

பனியில் இறுகிப்போன சாலையில் வண்டி கட்டி அவளைச் சோரல் ஓடைக்குக் கொண்டுபோனோம். கறுப்பிலேயே புதைத்தோம். வீட்டுக்கு வந்து, கையில் சூடான காபியை வைத்துக்கொண்டு, குடிக்காமல், அப்பா கேட்டார். நான் சொன்னேன். குதிரை வந்துவிட்டதா என்று கேட்டதையும், பையைப் பார்க்கச் சொன்னதையும் சொன்னேன். அவர் அழுவார் என்று காத்திருந்தேன். அழவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, லாயத்துப் பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பழைய சேணப்பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஆகஸ்டில் அம்மாவுக்கான பிரசங்கம். சோரல் ஓடைச் சுற்றுக்கு அப்போது ஸ்டோவல் என்று ஒரு பொடியன் போதகராக வந்திருந்தான். அம்மாவைப் பார்த்ததே இல்லை, குணசாலியான ஸ்திரீ என்று ஒழுங்காகப் பேசி முடித்தான். முடித்ததும் அப்பா எழுந்தார். பிரதர் ஸ்டோவல், இங்கே ஒரு பிரசங்கம் பாக்கி இருக்கிறது என்றார். தடியை ஊன்றிக்கொண்டு பீடத்தில் ஏறாமல் கீழேயே நின்றார். பழையவர்கள் சிலர் புரிந்துகொண்டார்கள்.

"என் பொண்ணு பேரு ஓர்ஃபா," என்றார். "முடி கறுப்பு. கோபக்காரி. கடிப்பா. நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் என் பையில வால்நட் போட்டு வைப்பா. திரும்பி வந்தா, தின்னீங்களான்னு கேட்பா. தின்னேன்னு சொல்லுவேன்."

அங்கே நின்றார். ஸ்டோவல் தண்ணீர் கொண்டுவந்தான். வேண்டாம் என்று கையசைத்தார்.

"நான் ஒண்ணுகூடத் தின்னதில்ல. வேதாகமத்துல இடிக்குதுன்னு ஊர் எல்லையில எடுத்து வீசிடுவேன். ஒவ்வொரு தடவையும். அவ அம்மா, அதைச் சொல்லுங்க, அது போதும்னு கேட்டா. பொய் சொன்ன வாயால எப்படிச் சொல்லுவேன்? அதான் அடுத்த வீட்டுப் பிள்ளையோட வார்த்தையை எடுத்துப் போட்டேன். என் பிள்ளை சாகறப்போ தேவதூதரைக் கேட்கல. என் பையைத்தான் பார்க்கச் சொன்னா."

ஆமென் சொல்லவில்லை. ஜெபமும் செய்யவில்லை. பக்கத்துப் பெஞ்சில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். அவர் செய்ததிலேயே சின்னப் பிரசங்கம் அதுதான். யாரும் விம்மவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை.

அவர் தாங்கமாட்டார் என்று அம்மா ஆயுசு முழுவதும் அந்த வால்நட்டை அவரிடமிருந்து ஒளித்தாள். பொய் சொன்ன வெட்கத்தில் அவரும் அதே வால்நட்டை அவளிடமிருந்து ஒளித்தார். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒளித்தார்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் சேர்ந்து அழுதிருக்கலாம். இப்போது நினைத்தாலும் இருவர் மேலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகை அதற்குப் பிறகுதான் வரும்.

வெளியே சாப்பாடு பரப்பினார்கள். அப்பா ஆலயத்தின் பின்னால் போய் இரண்டு கல்லறைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். நான் வண்டிக்குப் போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, புத்தி இருக்கிறவள் செய்கிற வேலை இல்லை, காலையில் கிளம்பும்போது அம்மாவின் நீல உடையை மூட்டையில் கட்டி எடுத்துவந்திருந்தேன். அதைப் பிரித்து மடியில் வைத்துப் பார்த்தேன். கழுத்துப் பட்டை மட்டும் மஞ்சளடித்திருந்தது. ஓர்ஃபாவுக்குப் பிரசங்கம் ஆகிவிட்டது. எங்கள் வழக்கப்படி அம்மா இனிக் கறுப்பைக் கழற்றலாம்.